பட்டியல் உங்களுடையது, உழைப்பு கம்ப்யூட்டருடையது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அதிகம் திறக்கப்படும் புரோகிராம்களில் ஒன்று வேர்ட். விண்ணப்பம், கடிதம், பிள்ளைகளின் ப்ராஜக்ட் என எல்லாம் அதில் தான் தயாராகின்றன. ஆனால் நம்மில் பலர் அதனை விலை உயர்ந்த ஒரு டைப்ரைட்டராகவே பயன்படுத்துகிறோம். ஒரே வேலையை நூறு முறை கையால் செய்கிறோம். எதிரே இருப்பது, ஒரே வேலையை நூறு முறை சலிக்காமல் செய்வதற்காகவே உருவாக்கப்பட்ட சாதனம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

கல்லூரி மாணவர்களின் ப்ராஜக்ட் அறிக்கைகளையும் ஆய்வேடுகளையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தரும் வேலையை நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதில் தாவரவியல், விலங்கியல் மாணவர்களின் பைல்கள் வரும்போதெல்லாம் ஒரு விஷயம் கண்ணில் படும். முதல் பத்துப் பக்கங்களில் அறிவியல் பெயர்கள் அழகாகச் சாய்வெழுத்தில் இருக்கும். முப்பதாவது பக்கத்தில் சில சாய்ந்தும் சில நிமிர்ந்தும் நிற்கும். எழுபதாவது பக்கத்திற்கு வரும்போது சாய்ந்திருக்கும் பெயரைத் தேட வேண்டியிருக்கும். மாணவருக்கு விதி தெரியாமல் இல்லை. கை சலித்துவிட்டது, அவ்வளவு தான்.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எதை ஒப்படைப்பது, எதை நம்மிடமே வைத்துக் கொள்வது என்பதில் தெளிவு வேண்டும். அதைத் தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

விதி என்ன?

ஓர் உயிரினத்திற்கு இரண்டு சொற்களால் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். தாவரப் பெயர்களுக்கு 1753ல் வெளியான அவருடைய நூலும், விலங்குப் பெயர்களுக்கு 1758ல் வெளியான பதிப்பும் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளப்படுகின்றன. முதல் சொல் பேரினம். அதன் முதல் எழுத்து கேபிடலில் இருக்க வேண்டும். இரண்டாவது சொல் முழுவதும் சிறிய எழுத்துகளில் அமைய வேண்டும். அச்சில் இரண்டு சொற்களும் இடாலிக்ஸ் எனப்படும் சாய்வெழுத்தில் வரும். கையால் எழுதும்போது அடிக்கோடு இடுகிறோம். பிளஸ் டூ விடைத்தாளில் உங்கள் பிள்ளை வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா என்று எழுதி, இரண்டு சொற்களுக்கும் தனித்தனியே கோடு போடுவது இதனால் தான்.

இதோடு விதி முடிந்துவிடவில்லை. பெயரை வெளியிட்ட அறிஞரின் பெயர் அடுத்து வந்தால், அது நிமிர்ந்த எழுத்தில் தான் இருக்க வேண்டும். வகை, துணைச் சிற்றினம் என்பதைக் காட்டும் சுருக்கச் சொற்களும் சாயக் கூடாது. புலியின் பெயரான பாந்தெரா டைக்ரிஸ் என்பதை அடுத்து லின்னேயஸ், 1758 என்பது அடைப்புக் குறிக்குள் வரும். அது அழகுக்குப் போட்டதல்ல. லின்னேயஸ் புலியைப் பெலிஸ் என்ற பேரினத்தில் வைத்தார், பின்னர் அது வேறு பேரினத்திற்கு மாற்றப்பட்டது என்பதை அந்த அடைப்புக் குறி சொல்கிறது. இப்படி ஒவ்வொரு சாய்வும் ஒவ்வொரு குறியும் படிப்பவருக்கு ஒரு தகவலைத் தருகிறது. எனவே இது வெறும் அலங்கார வேலை அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு ஆய்வேட்டில் நாற்பது தாவரங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றின் பெயரும் பத்து இடங்களில் வந்தால் நானூறு இடங்கள். ஒவ்வொரு பெயரையும் மவுஸால் செலக்ட் செய்து கண்ட்ரோல் + ஐ கீகளை அழுத்த ஆறு வினாடி என்றாலும் நாற்பது நிமிடங்கள் ஆகும். நாற்பது நிமிடம் பெரிய நேரம் இல்லை தான். ஆனால் நானூறில் இருபது விடுபட்டுப் போகும். எந்த இருபது என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மீண்டும் எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பைலில் இருந்து இன்னொரு பைலுக்குக் காப்பி செய்து, டெக்ஸ்ட் மட்டும் போதும் என்ற வகையில் பேஸ்ட் செய்தால், அத்தனை சாய்வெழுத்துகளும் ஒரே நொடியில் நிமிர்ந்துவிடும். பக்கத்திற்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து டைப் செய்து வாங்கும் மாணவர், திருத்தத்திற்கு மறுபடியும் பணம் கொடுப்பார்.

பாமினி போன்ற பழைய தமிழ் பாண்ட்களில் டாகுமெண்ட் தயாரிப்பவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். அந்த பாண்ட்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்கள் அமர்ந்திருக்கும். மொத்தமாக செலக்ட் செய்து பாண்ட்டை மாற்றினால், இடையில் உள்ள அறிவியல் பெயர்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவைகளாக மாறிவிடும். யூனிகோட் தமிழில் இந்தப் பிரச்னை இல்லை. இன்னும் பழைய பாண்ட்களில் இருப்பவர்கள் மாறிக் கொள்ள இதுவும் ஒரு காரணம்.

கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் வழிகள்

முதல் வழி ஆட்டோ கரெக்ட். பெயரை ஒரு முறை சாய்வெழுத்தில் டைப் செய்து, அதனை மட்டும் செலக்ட் செய்திடவும். பின் பைல், ஆப்ஷன்ஸ், ப்ரூபிங், ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று செல்லவும். கிடைக்கும் விண்டோவில் நீங்கள் செலக்ட் செய்த பெயர் வித் என்ற கட்டத்தில் தானாக வந்திருக்கும். அங்கே பார்மட்டட் டெக்ஸ்ட் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். ரீப்ளேஸ் கட்டத்தில் ஒரு சுருக்கக் குறியீட்டைக் கொடுத்து ஆட் கிளிக் செய்திடவும். இனி அந்தச் சுருக்கத்தை டைப் செய்து ஸ்பேஸ் பார் தட்டினால், முழுப் பெயரும் சாய்வெழுத்தில் வந்து நிற்கும். வேம்புக்கு இசட், என் என்ற இரண்டு எழுத்துகளை வைத்துக் கொள்ளலாம். மாமரத்தின் மாஞ்சிபெரா இண்டிகாவிற்கு ஐ, என் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் 'இன்' என்ற சொல்லை டைப் செய்யும் ஒவ்வொரு முறையும் மாமரம் முளைக்கும்!

இந்த வழி இனிமேல் டைப் செய்யப் போகும் பெயர்களுக்கு. ஏற்கனவே டைப் செய்து முடித்த டாகுமெண்ட்டுக்கு இரண்டாவது வழி தான் சரி.

கண்ட்ரோல் + எச் கீகளை அழுத்தினால் பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் விண்டோ கிடைக்கும். பைண்ட் வாட் கட்டத்தில் பெயரைத் தரவும். ரீப்ளேஸ் வித் கட்டத்தில் ^& என்ற இரண்டு குறியீடுகளைத் தரவும். தேடிக் கண்டதை அப்படியே மீண்டும் வை என்பது இதன் பொருள். பின் மோர் பட்டனை அழுத்தி, பார்மட், பாண்ட் என்று சென்று இடாலிக் தேர்ந்தெடுத்து, ரீப்ளேஸ் ஆல் கிளிக் செய்திடவும். எத்தனை இடங்களில் மாற்றம் நடந்தது என்ற எண்ணிக்கையும் கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பத்து முறை வர வேண்டிய பெயர் எட்டு என்று காட்டினால், ஏதோ இருக்கிறது என்று பொருள். பாண்ட் மாறிச் சிதைந்த பெயர்களையும், இடாலிக்குடன் பாண்ட் பெயரைச் சேர்த்துக் கொடுத்து, இதே வழியில் மீட்கலாம்.

இதை விடச் சிறந்தது ஸ்டைல். ஸ்டைல்ஸ் பிரிவில் நியூ ஸ்டைல் தேர்ந்தெடுத்து, அதன் வகை கேரக்டர் எனக் கொடுத்து, அறிவியல் பெயர் என்றே அதற்குப் பெயர் வைக்கலாம். அதில் இடாலிக்கை மட்டும் அமைத்திடவும். பைண்ட் அண்ட் ரீப்ளேஸில் பாண்ட் என்பதற்குப் பதிலாக ஸ்டைல் என்பதைத் தேர்ந்தெடுத்து இதனைக் கொடுக்கவும். நாளைக்கு உங்கள் வழிகாட்டி வேறு வகையில் வேண்டும் என்று சொன்னால், ஸ்டைலை ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும். நானூறு பெயர்களும் மாறிவிடும். முழுத் தலைப்பும் சாய்வாக இருக்கும்போது அதற்குள் வரும் அறிவியல் பெயர் நிமிர்ந்திருப்பது அச்சு மரபு. தலைப்பின் ஸ்டைலில் இடாலிக் இருந்து, பெயரின் ஸ்டைலிலும் இடாலிக் இருந்தால், வேர்ட் தானாகவே பெயரை நிமிர்த்திக் காட்டும். கையால் சாய்த்தவருக்கு இந்த வசதி கிடைக்காது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரைப் பயன்படுத்துவோரும் வருந்த வேண்டாம். அதிலும் ஆட்டோ கரெக்ட், கேரக்டர் ஸ்டைல், தேடி மாற்றுதல் ஆகியவை உண்டு, அது இலவசம்.

நிமிர்ந்து நிற்கும் பெயர் சொல்லும் சேதி

இந்த முறையில் நான் அதிகம் மதிப்பது நேர மிச்சத்தை அல்ல. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்த பெயரை மட்டுமே சாய்க்கும். ஓர் எழுத்து தவறாக இருந்தாலும் அதைத் தொடாது. ஆகவே எல்லாம் முடிந்த பின்னும் ஒரு பெயர் நிமிர்ந்து நின்றால், ஒன்று அது பட்டியலில் இல்லை, அல்லது அதில் எழுத்துப் பிழை இருக்கிறது. அறிவியல் பெயர்களைப் பெரும்பாலும் அறியாத ஸ்பெல் செக்கர், சரியானதற்கும் தவறானதற்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோடு போடும். அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து நமக்குக் கண் மரத்துவிடும். உங்கள் பட்டியலோ உண்மையான பிழையை மட்டும் பிரித்துக் காட்டுகிறது. கையால் தேடித் தேடிச் சாய்த்தால், பிழையான பெயரையும் சேர்த்தே சாய்த்துவிடுவோம், பிழை மறைந்துவிடும்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதவை

சரி, பட்டியல் எதற்கு? கேபிடலில் தொடங்கும் ஒரு சொல், அடுத்து சிறிய எழுத்தில் ஒரு சொல் என்று தேடச் சொல்லி எல்லாவற்றையும் சாய்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் அப்படித் தான் தொடங்குகிறது! வடிவத்தைப் பார்த்து, எது பெயர் என்று கண்டுபிடிக்க முடியாது.

பட்டியல் இருந்தாலும் கவனம் தேவை. வாழையின் பேரினப் பெயர் மூசா. அதை மட்டும் கொடுத்து ரீப்ளேஸ் ஆல் அழுத்தினால், நன்றியுரையில் இருக்கும் பேராசிரியர் மூசாவும் சாய்ந்துவிடுவார். ஹைபிஸ்கஸ் என்பது செம்பருத்தியின் பேரினம். ஆங்கிலத்தில் பூவின் சாதாரணப் பெயரும் அதுவே. சாதாரணப் பெயராக வரும்போது சாயக் கூடாது. எனவே பேரினப் பெயரைத் தனியே தேடும்போது மேட்ச் கேஸ், பைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி என்ற இரண்டையும் டிக் செய்திடவும். ரீப்ளேஸ் ஆல் வேண்டாம்; பைண்ட் நெக்ஸ்ட் மூலம் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும்.

நாம் கேட்காமலேயே கம்ப்யூட்டர் ஊகித்துச் செயல்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அறிவியல் உலகிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதிகள் என்று எண்ணி மாற்றிவிடும். எக்ஸெல் வடிவில் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழைகள் இருப்பதாக 2016ல் ஓர் ஆய்வு காட்டியது. 2020ல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாக அறிவித்தது. மார்ச்1 என்பது மார்ச்எப்1 ஆனது. செப்ட்1 என்பது செப்டின்1 ஆனது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023ல் எக்ஸெலில் தந்தது. புரோகிராம் திருந்துவதற்கு முன்னே பெயர்கள் திருந்த வேண்டியிருந்தது! நாம் பட்டியல் கொடுத்துச் செய்யச் சொல்வது ஒன்று. அது தானே ஊகித்துச் செய்வது வேறொன்று. முதலாவதை வரவேற்கிறேன். இரண்டாவதைச் சந்தேகத்துடன் தான் பார்க்கிறேன்.

இப்போது ஏஐ புரோகிராம்களிடம் டாகுமெண்ட்டைக் கொடுத்து, அறிவியல் பெயர்களை எல்லாம் சாய்த்துக் கொடு என்று கேட்கலாம். பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. ஆனால் சாய்க்கச் சொன்னால், போகிற போக்கில் ஒரு சொல்லையும் மாற்றி எழுதிவிட வாய்ப்பு உண்டு. அது எங்கே என்று தேடுவது, நிமிர்ந்து நிற்கும் பெயரைத் தேடுவதை விடக் கடினம். பட்டியல் தயாரிக்க அதன் உதவியைப் பெறலாம். டாகுமெண்ட்டில் கை வைப்பது நீங்கள் சரிபார்த்த பட்டியலாகவே இருக்கட்டும்.

சாய்ப்பது வேறு, மாற்றுவது வேறு

அறிவியல் பெயர்கள் மாறும். நம் ஊரில் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலம் நெடுங்காலம் ப்ரோசோபிஸ் ஜூலிப்ளோரா என்று அழைக்கப்பட்டது. 2022ல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பேரினத்தைப் பிரித்து, இதனை நெல்டுமா ஜூலிப்ளோரா என்று வைத்தது. கருவேலமும் அகேசியாவிலிருந்து வாச்செலியாவிற்குப் போய்விட்டது. புதிய பெயரைப் பின்பற்ற முடிவு செய்தால், பழைய பெயரைத் தேடி மாற்ற ரீப்ளேஸ் ஆல் கிளிக் செய்யக் கை துடிக்கும். செய்ய வேண்டாம். கடைசிப் பக்கங்களில் உள்ள மேற்கோள் பட்டியலில், முன்பு வெளியான கட்டுரைகளின் தலைப்புகளில் பழைய பெயர் தான் இருக்கும். அது அப்படியே இருக்க வேண்டும். மாற்றினால், உலகில் இல்லாத ஒரு கட்டுரையை நீங்கள் மேற்கோள் காட்டியதாகிவிடும். வடிவத்தை மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடலாம். சொல்லை மாற்றும் முடிவு மனிதரிடம் இருக்க வேண்டும்.

ஓர் எதிர்வாதம்

கையால் ஒவ்வொரு பெயராகச் சாய்த்தால் தான் மாணவருக்குப் பெயர்கள் மனதில் பதியும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்தால் என்ன கற்பார் என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் நானூறு முறை கண்ட்ரோல் + ஐ அழுத்துவதில் பதிவது விரல் வலி மட்டுமே. நாற்பது பெயர்களை நூலில் பார்த்து, எழுத்து சரிபார்த்து, அறிஞரின் பெயருடன் ஒரு பட்டியலாக எழுதுவதில் தான் படிப்பு இருக்கிறது. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொள்ளவில்லை. உங்களிடமே விட்டிருக்கிறது.

எனவே கல்லூரித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டிற்கு மார்ஜின் இவ்வளவு, எழுத்தின் அளவு இவ்வளவு என்று தாள் கொடுக்கிறீர்கள். அத்துடன், அறிவியல் பெயருக்கான ஸ்டைல் அமைத்த ஒரு டெம்ப்ளேட் பைலையும், உங்கள் பகுதியில் அடிக்கடி ஆய்வு செய்யப்படும் உயிரினங்களின் சரிபார்த்த பட்டியலையும் கொடுங்கள். ஒருவர் சரிபார்த்தது நூறு பேருக்குப் பயன்படும். ஏழை மாணவருக்குத் திருத்தக் கூலி மிச்சமாகும்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தாவரவியல் படிக்காமல் இருக்கலாம். பெயர்களுக்குப் பதில் சட்டப் பிரிவு எண்கள், மருந்துப் பெயர்கள், பாடல் தலைப்புகள் என்று உங்கள் டாகுமெண்ட்டில் திரும்பத் திரும்ப வரும் ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கும். பத்துச் சொற்களைப் பட்டியலிட்டு இந்த முறையைச் சோதித்துப் பாருங்கள். முதலில் பைலுக்கு ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் செய்யுங்கள். ஏதேனும் தவறினால் கண்ட்ரோல் + இசட் இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை ரீப்ளேஸ் ஆல் அழுத்திய பின்னும், அது காட்டும் எண்ணிக்கையைப் படிக்காமல் ஓகே கிளிக் செய்யாதீர்கள்.